எண்ணெய் பிடிக்கும் டப்பாவும் என் டர்போ காரும்

வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, ஆம்பூரில் வேலை. வாரத்தில் மூன்று நாளாவது பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிப் போய்வர வேண்டும். போக வர ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். நான் ஓட்டுவது மூன்று சிலிண்டர் கொண்ட, பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ பெட்ரோல் கார். 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்த சமயத்தில், ஏர் ஃபில்டரை மாற்றுவதற்காக பானட்டைத் திறந்தவன், டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்பைச் சும்மா தளர்த்திப் பார்த்தேன். உள்ளே விரலை விட்டபோது, தோசைக்கல்லைத் துடைத்த துணியைத் தொட்டதுபோல விரல் முழுதும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டது. அன்று இரவே, அந்த எண்ணெயை வழியிலேயே பிடித்துவைக்கும் டப்பாவான ஆயில் கேட்ச் கேன் ஒன்றை இணையத்தில் தேடி 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தப் பிசுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை. அதன்பின் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவே தொடக்கம்.

எண்ணெய் அங்கே வந்து சேரும் வழியைச் சொல்லிவிட்டால் மற்றது விளங்கிவிடும். எந்த என்ஜினிலும், எரிந்த வாயுவில் சிறு பங்கு பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நழுவி, கீழே கிராங்க் அறைக்குள் இறங்கும். அங்கே சுழலும் கிராங்க் என்னும் தண்டு தெறிக்கும் எண்ணெய்த் துளிகளையும், எரியாத பெட்ரோல் ஆவியையும், நீராவியையும் சேர்த்துக்கொண்டு அது வெளியேற இடம் தேடும். வெளிக்காற்றில் விட்டால் புகை, நாற்றம், மாசு. ஆகவே அதைத் திரும்ப என்ஜினே உறிஞ்சி எரிக்கும்படி குழாய் போட்டிருக்கிறார்கள். டர்போ என்ஜினில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஐடிலிலும் மெதுவான ஓட்டத்திலும், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை இருப்பதால், கிராங்க் அறை வாயுவை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு வழியாக வாயு நேரே மேனிஃபோல்டுக்குப் போகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து டர்போ காற்றை அழுத்தத் தொடங்கியதும் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறிவிடும். அப்போது ஒரு தடுப்பு வால்வு மூடிக்கொள்ள, வாயு இன்னொரு குழாய் வழியாக டர்போவின் முன்வாயிலுக்குப் போகும். அங்கிருந்து கம்ப்ரஸர், இன்டர்கூலர், மேனிஃபோல்டு என்று சுற்றி வரும்போது எண்ணெயின் ஒரு பகுதி இன்டர்கூலரின் குளிர்ந்த உட்சுவரில் படியும். என் விரலில் ஒட்டியது அதுதான். மெல்லிய படலமாக இருந்தால் அது நோயே இல்லை. டர்போ வண்டிகளில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்று.

கேட்ச் கேன் செய்யும் வேலை மிகவும் எளிது. குறுகிய குழாயில் வேகமாக வரும் ஆவி, அகன்ற டப்பாவுக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, சற்றுக் குளிர்கிறது, தடுப்புத் தகடுகளில் மோதித் திசை மாறுகிறது, கம்பி வலையில் பட்டுத் துளிகள் ஒன்றுசேர்ந்து அடியில் சொட்டுகின்றன. எண்ணெய் நீங்கிய வாயு மறுபக்கம் போய்விடுகிறது. தடுப்பும் வலையும் இல்லாவிட்டால் வந்த ஆவி வந்தபடியே போய்விடும். எங்கள் ஊரைப் பற்றி நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று பழைய கேலி ஒன்று உண்டு. கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டது. நான் வாங்கிய டப்பாவைத் திறந்தபோது அந்தப் பட்டியலில் காலியான இடத்துக்கு இன்னொன்று கிடைத்தது. அலுமினியத்தில் பளபளப்பாக, நீல வண்ணம் பூசி, உள்ளே ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

சரி, நாமே வலையை வைத்துவிடலாம் என்று பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைச் சுருட்டி உள்ளே திணித்தேன். இதை யாரும் செய்யாதீர்கள். மெல்லிய இரும்பு நார் துருப்பிடித்துத் துகளாக உதிரும். பின்னால் நான் மாற்றிப் பொருத்திய இடத்தில், டப்பாவிலிருந்து வெளியேறும் குழாய் போவது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் டர்போ சக்கரத்துக்கு. ஒரு துகள் போனாலும் போதும். என் நல்ல காலம், உதிர்வதற்குள் அதை வெளியே எடுக்கும் நிலை வந்தது.

முதலில் டப்பாவை பி.சி.வி. வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே பொருத்தினேன். இணையப் படங்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. மூவாயிரம் கிலோமீட்டர் கழித்துத் திறந்தால் உள்ளே ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. பால் கலந்த காபியின் நிறத்தில் ஏதோ கொஞ்சம் ஒட்டியிருந்தது. காரணம் இப்போது தெரிகிறது. நான் ஓட்டுவதில் பெரும்பகுதி நெடுஞ்சாலை. லாரிகளை முந்துவதற்கும் மேம்பாலங்களில் ஏறுவதற்கும் டர்போ அடிக்கடி வேலை செய்யும். அந்த நேரத்தில் ஆவி போவது மற்ற வழியில். வேலூர் நகருக்குள், பழைய பேருந்து நிலையத்துக்கும் சி.எம்.சி. மருத்துவமனைக்கும் இடையே முதல் கியரில் ஊர்பவர்களுக்கு இந்த முதல் வழிதான் முக்கியம். தன் ஓட்டம் எப்படிப்பட்டது என்று பார்க்காமல் டப்பாவைப் பொருத்துவது, வாசல் ஒரு பக்கம் இருக்க மறுபக்கம் காவல் போட்டதுபோல ஆகிவிடும்.

ஆகவே பி.சி.வி. பக்கத்தைப் பழையபடி இணைத்துவிட்டு, டப்பாவை இரண்டாவது வழியில், அதாவது டர்போவின் முன்வாயிலுக்குப் போகும் பிரீத்தர் குழாயில் மாற்றிப் பொருத்தினேன். கம்பெனிக் குழாயின் உள்விட்டம் 19 மில்லிமீட்டர். டப்பாவோடு வந்த குழாய் 10 மில்லிமீட்டர். மாற்றுக் கப்ளிங் வைத்து இறுக்கிவிட்டு, காற்றுத்தானே, எப்படியும் போகும் என்று இருந்துவிட்டேன். விட்டம் ஏறக்குறையப் பாதியானால் குறுக்குப் பரப்பு கால்பங்கு ஆகிவிடும் என்ற பள்ளிக் கணக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. எண்ணூறு கிலோமீட்டரில் டப்பா 60 மில்லி பிடித்தது. அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றி, வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். இவ்வளவு அழுக்கு என்ஜினுக்குள் போகாமல் காப்பாற்றிவிட்டேன் என்ற பெருமை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போனோம். பொன்னேரியில் திரும்பி மலை ஏறத் தொடங்கினால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பாரி, காரி, ஓரி என்று வள்ளல்களின் பெயரும் புலவர்களின் பெயரும் சூட்டிய வளைவுகள். பின்னிருக்கையில் இருந்த மகள் பெயர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். இரண்டாம் கியரில் முழு ஆள்பாரத்தோடு ஏறும்போது டர்போவுக்கு ஓய்வே இல்லை. பாதி மலை தாண்டியதும் எண்ணெய் கருகும் வாடை உள்ளே வந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. ஓரம் கட்டி பானட்டைத் திறந்தேன். எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக் தன் இடத்திலிருந்து இரண்டு விரற்கடை எழும்பி நின்றது. அதன் துளையின் வாயிலிருந்து எண்ணெய் வழிந்து என்ஜின் மேல் புகைந்துகொண்டிருந்தது. "டர்போ போய்விட்டதா?" என்று மனைவி கேட்டாள். எனக்கும் அதே எண்ணம்தான். டர்போ மாற்ற எவ்வளவு ஆகும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அரைமணி நேரம் ஆறவிட்டு, மிதிக்காமல் மெதுவாக மலை இறங்கி, மறுநாள் காட்பாடியில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் பாயின் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பாய் டப்பாவைப் பார்த்தார். என் ஹார்லிக்ஸ் பாட்டில் கதையையும் கேட்டார். "சார், இவ்ளோ புடிக்குதேன்னு சந்தோசப்பட்டுட்டீங்க. ஏன் இவ்ளோ வருதுன்னு கேக்கலையே?" என்றார். பிறகு அவர் செய்த சோதனையைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு நூறு ரூபாய்கூட ஆகாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும், கண்ணாடிபோலத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் மூன்று மீட்டர் வாங்கி, நடுவே யு வடிவில் வளைத்துப் பாதிவரை சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை ரப்பர் அடைப்பான் வைத்து டிப்ஸ்டிக் துளையில் பொருத்தினார். மறுமுனை திறந்திருக்கும். கிராங்க் அறையில் அழுத்தம் ஏறினால் தண்ணீர் வெளிப்பக்கம் உயரும்; உறிஞ்சினால் என்ஜின் பக்கம் உயரும். என்ஜின் பக்கக் குழாய் நன்றாக உயரமாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் தண்ணீரை என்ஜின் குடித்துவிடும். ஐடிலில் 9 சென்டிமீட்டர் உறிஞ்சியது. அது சரியான அறிகுறிதான். ஆனால் டர்போவின் கதை நின்ற இடத்தில் ரேஸ் செய்தால் தெரியாது, பாரத்தோடு ஓட்ட வேண்டும் என்று சொல்லி, குழாயை பானட் இடுக்கு வழியாக ஜன்னலுக்குள் இழுத்து, டாஷ்போர்டின் மேல் கையால் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் அமர்ந்தார்.

சித்தூர் போகும் சாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, மூன்றாம் கியரில் முழுக்க மிதித்தேன். தண்ணீர் சரசரவென்று ஏறிக் குழாயின் வாயைத் தாண்டி பாயின் சட்டையை நனைத்தது. நாற்பது சென்டிமீட்டருக்கு மேல். ஷெட்டுக்குத் திரும்பி டப்பாவைக் கழற்றி, கம்பெனிக் குழாயை மாட்டி மறுபடி அதே சாலையில் ஓட்டினோம். இந்த முறை 15 சென்டிமீட்டர். குறைந்தது; ஆனால் அதுவும் இருக்கக்கூடாத அழுத்தம். பாய் பி.சி.வி. பக்கத்துத் தடுப்பு வால்வைக் கழற்றித் துணியால் துடைத்து வாயில் வைத்து ஊதினார். ஒரு பக்கம் ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கம் ஊதினால் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் போயிற்று. உள்ளே பிசின் போல ஏதோ உறைந்து, வால்வு மூட முடியாமல் நின்றிருந்தது. டர்போ அழுத்திய காற்று மேனிஃபோல்டிலிருந்து அந்த வழியாகவே கிராங்க் அறைக்குள் புகுந்து, அங்கிருந்த எண்ணெய் ஆவியைத் தள்ளிக்கொண்டு பிரீத்தர் வழியாக வந்திருக்கிறது. நான் பெருமையோடு பிடித்த 60 மில்லியின் மூலம் இதுதான். வால்வை மாற்றிய பிறகு அதே சாலை, அதே கியர்: தண்ணீர் 2 சென்டிமீட்டர் உட்பக்கமாக நின்றது.

டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வழிந்தது போக மிஞ்சிய எண்ணெயே மேல் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே நின்றது. கடைசியாக சர்வீஸ் செய்த இடத்தில் தாராளமாக ஊற்றியிருக்கிறார்கள். எண்ணெய் அதிகமானால் சுழலும் கிராங்க் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை பிரீத்தருக்குள் ஏறும். எண்ணெய் மாற்றிய அன்றே, சமதரையில் நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மட்டத்தை நாமே பார்ப்பதைவிடப் பயனுள்ள டர்போ பராமரிப்பு வேறு எனக்குத் தெரியவில்லை.

நீலப் புகைக்கான காரணம்தான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. டர்போவின் தண்டுக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே செல்கிறது. ஆனால் திரும்பி வருவது வெறும் சரிவினால்தான், ஒரு தடித்த குழாய் வழியாகக் கிராங்க் அறைக்குள் இறங்குகிறது. அந்த அறையில் அழுத்தம் ஏறினால் எண்ணெய் இறங்க இடமின்றி டர்போவுக்குள்ளேயே தேங்கி, தண்டின் சீல்களைத் தாண்டி ஒரு பக்கம் இன்டர்கூலருக்கும் மறுபக்கம் சைலன்சருக்கும் போகும். அதாவது, இன்டர்கூலருக்குள் எண்ணெய் போகக்கூடாது என்று நான் வைத்த டப்பாவே, குறுகிய குழாயின் புண்ணியத்தில், அங்கே முன்பைவிட அதிகமாக எண்ணெயை அனுப்பியிருக்கிறது. டர்போவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடைப்பு நீங்கியதும் புகையும் நின்றது. டர்போவை மாற்றச் சொல்லும் யாரிடமும், முதலில் கிராங்க் அழுத்தத்தை அளந்து காட்டுங்கள் என்று கேளுங்கள்.

இதற்குப் பிறகும் கேட்ச் கேன் போட்டேன் என்றால் சிரிப்பீர்கள். போட்டேன். மேனிஃபோல்டைக் கழற்றியிருந்த நேரத்தில் பாய் இன்டேக் வால்வுகளைக் காட்டினார். பெட்ரோலை இன்டேக் வழியில் தெளிக்கும் பழைய வகை என்ஜின்களில், பெட்ரோலே வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டு போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் போவதால் வால்வைக் கழுவ ஆளில்லை. அங்கே படியும் எண்ணெய் சூட்டில் கருகிக் கரியாகிறது. என் வால்வுகளின் காம்பில், அடிப்பிடித்த பால் சட்டியைப் போலக் கருப்பாக மேடுதட்டியிருந்தது. ஒவ்வொரு சிலிண்டராக வால்வு மூடியிருக்கும் நிலைக்கு என்ஜினைத் திருப்பிவைத்து, கரைப்பான் ஊற்றி ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. எந்த டப்பாவும் ஏற்கெனவே படிந்த கரியைக் கரைக்காது. இனிப் படிவதைக் குறைக்கும், அவ்வளவே. வால்வுக் காம்பின் சீல் வழியாகக் கசியும் எண்ணெயும், சிலிண்டரிலிருந்து பின்னோக்கி வரும் எரிந்த வாயுவும் டப்பாவின் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

இரண்டாவது டப்பா 6,500 ரூபாய். உள்ளே தகடுகளும், துருப்பிடிக்காத வலையும், அடியில் திறப்பு வால்வும் உண்டு. குழாய் 19 மில்லிமீட்டர், எண்ணெய் தாங்கும் வகை. சாதாரணத் தண்ணீர்க் குழாயும் ரேடியேட்டர் குழாயும் எண்ணெயில் ஊறி உப்பி, சூட்டில் நசுங்கிவிடும். டர்போவையும் சைலன்சர் பக்கத்தையும் விட்டு விலகி, ஹெட்லைட்டுக்குப் பின்னால் காற்றுப் படும் இடத்தில் பொருத்தினோம்; டப்பா சுட்டால் ஆவி துளியாகாமல் அப்படியே கடந்துவிடும். வெளிக்காற்றில் திறந்துவிடும் சிறிய ஃபில்டர் வைத்த டப்பாக்களும் கிடைக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை. கிராங்க் வாயுவை வெளியே விடுவதை, வாகன மாசுக்கான பாரத் ஸ்டேஜ் விதிகள் அனுமதிப்பதில்லை. அதைத் தவிர, ஏர் சென்சார் அளந்த கணக்குக்கு வெளியே காற்று போய்வரத் தொடங்கினால் கம்ப்யூட்டர் குழம்பி என்ஜின் விளக்கு எரியும், ஏ.சி. வழியாக நாற்றமும் உள்ளே வரும். வாரண்டி இருக்கும் வண்டியில் எதைப் பொருத்தினாலும், கழற்றிய கம்பெனிக் குழாயைப் பத்திரமாக வைத்துக்கொள்வது நல்லது.

அதன்பின் ஓராண்டு, 14,000 கிலோமீட்டர், ஒவ்வொரு மாதமும் ஊசி போடும் சிரிஞ்சில் உறிஞ்சி அளந்து எழுதிவைத்தேன். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சராசரியாக 8 மில்லி. மே மாதம், வேலூர் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில், 5 மில்லிதான். அது கருத்த எண்ணெய். டிசம்பரில், பாலாற்றங்கரையில் பனி மூடும் காலைகளில் கிளம்பிய வாரங்களில், 19 மில்லி. அதில் பாதி தண்ணீர். பாட்டிலை ஓரிரவு அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியிலும் எண்ணெய் மேலுமாகப் பிரிந்து, நடுவே மோர் நிறத்தில் ஒரு கோடு நிற்கும். மூடியைத் திறந்தால் பெட்ரோல் மூக்கைத் துளைக்கும். நிறைய பிடித்தது என்று காட்டும் படங்களில் எவ்வளவு தண்ணீர் என்று கேட்க வேண்டும். அந்தக் கழிவைச் சாக்கடையிலோ செடியிலோ ஊற்றாமல், ஷெட்டில் பழைய எண்ணெய் சேர்க்கும் பேரலிலேயே சேர்த்துவிடுகிறேன்.

ஆண்டு முடிவில் கேமரா விட்டுப் பார்த்தோம். இன்டேக் வால்வில் பழுப்புப் படலம் இருக்கிறது, மேடு இல்லை. இதில் டப்பாவின் பங்கு எவ்வளவு, புதுத் தடுப்பு வால்வின் பங்கு எவ்வளவு, எண்ணெயைச் சரியான மட்டத்தில் வைத்ததன் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பிரித்தே ஆக வேண்டும் என்றால், பெரும்பங்கை 600 ரூபாய்த் தடுப்பு வால்வுக்கே கொடுப்பேன். எண்ணெயையும் கைக்குக் கிடைத்ததை ஊற்றாமல், கையேடு சொல்லும் தடிமனில், ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு வகுத்து 2020இல் வந்த எஸ்.பி. தரத்தில் வாங்குகிறேன், சிறிய டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் பெட்ரோல் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் கோளாறை மனத்தில் வைத்து வகுத்த தரம் அது.

ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் மைத்துனனின் டீசல் பிக்கப் வேறு கதை. சாமையும் புளியும் ஏற்றி ஜவ்வாது மலையில் ஏறி இறங்கும் வண்டி. டீசலில் மேனிஃபோல்டு உறிஞ்சும் வழி என்று தனியாக இல்லை. எல்லா ஆவியும் எப்போதும் டர்போவின் வாய்க்கே போகும். அதோடு, எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வழியாகத் திரும்ப வரும் புகைக்கரியும் எண்ணெயும் மேனிஃபோல்டில் கலந்து, சாலை போடும் தாரைப் போல ஆகிவிடும். அங்கே வெறும் டப்பாவைவிட, உள்ளே ஃபில்டரும், அடைத்தால் தானே திறக்கும் அழுத்த வால்வும் உள்ள மான் ஹம்மல் கம்பெனியின் புரோவென்ட் போன்ற வகைதான் சரி என்று பாய் சொன்னார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அரை டம்ளர் கருப்பு எண்ணெய் வருகிறது. "மாமா, இது மட்டும் போட்ட காசுக்கு வேலை செய்யுது" என்கிறான். அவன் வண்டிக்கு அது தேவைதான். ஃபில்டரைக் காலத்தில் மாற்றவும் செய்கிறான்.

போன மாதம் ராணிப்பேட்டையில் இருக்கும் அக்கா தன் டர்போ காரைக் கொண்டுவந்து, "உன் வண்டியில இருக்கிற டப்பாவை எனக்கும் போட்டுக் கொடுடா" என்றார். அது இன்டேக்கில் பெட்ரோல் தெளிக்கும் வகை. வால்வு தானாகக் கழுவப்படும். அக்கா பானட்டைத் திறந்ததே இல்லை. மாதாமாதம் டப்பாவைக் காலி செய்யப் போவதும் இல்லை. நிரம்பிய டப்பாவிலிருந்து எண்ணெய் மொத்தமாக டர்போவுக்குள் போவது, டப்பாவே இல்லாததைவிட மோசம். தடுப்பு வால்வை ஊதிப் பார்த்தேன், சரியாக மூடியது. எண்ணெய் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இருந்தது. பிரீத்தர் குழாயில் விரிசல் விட்டிருந்த ஒரு கிளிப் முனையை மட்டும் மாற்றிவிட்டு, இலவம்பாடி முள் கத்தரிக்காய் ஒரு கிலோவோடு அக்காவை அனுப்பிவைத்தேன்.